கையெழுத்து விழாத சட்டம்

ராஜாக்கள் தயங்கினார்கள், மக்களை யாரும் கேட்கவில்லை

ஒரு சட்டம் இருந்தது. இந்தியா முழுவதையும் ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டு வருவதற்காக லண்டனில் எழுதப்பட்ட சட்டம் அது.

அதில் 321 பிரிவுகள், 10 அட்டவணைகள். பிரிட்டிஷ் பார்லிமெண்டு அதுவரை நிறைவேற்றிய சட்டங்களிலேயே மிக நீளமானது என்று பெயர் பெற்றது. 1935-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி மன்னரின் சம்மதமும் கிடைத்தது.

ஆனால், அந்தச் சட்டத்தின் தலையாய பகுதி கடைசி வரை உயிர் பெறவே இல்லை!

ஏன்? வேண்டிய கையெழுத்துகள் விழவில்லை. அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இந்தியாவின் சமஸ்தான ராஜாக்கள். அவர்களில் ஒருவர் புதுக்கோட்டை ராஜா. அப்போது அவருக்கு வயது 13.

அந்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் முழங்கிய கட்சியின் முன்னணிப் பேச்சாளர் ஒருவரோ, அதே புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்!

ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுகிறார்கள். அதற்குச் சம்மதம் சொல்லும் உரிமை யாருக்கு? அரண்மனைக்கா, மக்களுக்கா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, இந்தச் சட்டத்தின் கதை.

தொண்டைமான் சீமை

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும் பகுதி அந்த நாளில் தனிச் சமஸ்தானம். சுற்றிலும் திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம் ஜில்லாக்கள். அங்கெல்லாம் வெள்ளைக்காரர்களின் நேரடி ஆட்சி. நடுவில் ஒரு தீவு போல, தொண்டைமான் ராஜாக்களின் புதுக்கோட்டை.

சமஸ்தானத்தின் பரப்பு சுமார் 1,180 சதுர மைல். 1931-ம் ஆண்டு கணக்குப்படி மக்கள் தொகை சுமார் 4 லட்சம்.

தொண்டைமான்களின் ஆட்சி 17-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. சமஸ்தானத்துக்குச் சொந்தமாக ஒரு செப்புக்காசும் உண்டு. அதுதான் "அம்மன் காசு". ஒரு பக்கத்தில் பிரகதாம்பாள் உருவம் இருக்கும். நவராத்திரி நாட்களில் அரிசி தானம் செய்யும்போது இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

காசு சொந்தம், கொடி சொந்தம். ஆனால் முடிவு எடுக்கும் உரிமை? அது முழுவதும் சொந்தம் அல்ல.

ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பெண் ஒருவரை மணந்தார். அந்தத் திருமணத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் விரும்பவில்லை. ராஜா நாட்டை விட்டு வெளியே வாழ நேர்ந்தது. 1928-ம் ஆண்டில் அவர் பாரிஸ் நகரில் காலமானார்.

அடுத்த ராஜா யார்? அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜகோபால தொண்டைமான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவர் 6 வயதுச் சிறுவர்.

சிறுவர் எப்படி நாடு ஆள முடியும்? ஆகவே அவர் பெயரால் மற்றவர்கள் ஆண்டார்கள். 1934-ம் ஆண்டு முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் சர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கில அதிகாரி. அவருக்கு "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று பதவிப் பெயர்.

மக்களுக்குச் சபை இல்லாமல் இல்லை. 1902-ம் ஆண்டில் பிரதிநிதி சபையும், 1924-ம் ஆண்டில் சட்டசபையும் ஏற்பட்டன. கேள்வி கேட்கலாம், குறை சொல்லலாம். ஆனால் கடைசி வார்த்தை தர்பாருடையது.

இந்த நிலையில்தான் 1935-ம் ஆண்டுச் சட்டம் வந்தது.

சட்டம் என்ன சொன்னது?

அப்போது இந்தியா இரண்டு பகுதியாக இருந்தது. ஒன்று, வெள்ளைக்காரர்கள் நேராக ஆண்ட மாகாணங்கள். மற்றொன்று, ராஜாக்கள் ஆண்ட 500-க்கு மேற்பட்ட சமஸ்தானங்கள்.

இந்த இரண்டையும் சேர்த்து "பெடரேஷன்" அமைப்பது என்று சட்டம் சொன்னது. பெடரேஷன் என்றால் கூட்டாட்சி. ஒவ்வொரு பகுதியும் தன் உள்நாட்டு வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். பொதுவான வேலைகளை ஒரு பொது ஆட்சி பார்க்கும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே நுழைந்து பார்த்தால்தான் சங்கதி தெரிந்தது.

கீழ்ச்சபையில் 375 இடங்கள். அதில் சமஸ்தானங்களுக்கு 125. மேல்சபையில் 260 இடங்கள். அதில் சமஸ்தானங்களுக்கு 104. இந்தியாவின் மக்கள் தொகையில் சமஸ்தானங்களின் பங்கு ஏறக்குறைய நாலில் ஒன்று. ஆனால் கீழ்ச்சபையில் மூன்றில் ஒரு பங்கு இடம். மேல்சபையில் ஐந்தில் இரண்டு பங்கு!

சரி, அந்த இடங்களில் யார் உட்காருவார்கள்? சமஸ்தானத்து மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களா? இல்லை. ராஜா பார்த்து அனுப்பும் ஆட்கள்!

ராணுவம், வெளிநாட்டு உறவு ஆகியவை கவர்னர் ஜெனரலின் கையிலேயே இருக்கும். சபை தீர்மானம் போட்டாலும் அவர் தடுக்கலாம்.

பேச்சு உரிமை, கூட்டம் கூடும் உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் போன்ற அடிப்படை உரிமைகளின் பட்டியல் இருந்ததா? அதுவும் இல்லை.

ஓர் ஊரில் நாலு தெருக்காரர்கள் சேர்ந்து பொதுக் கிணறு வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் மண் சுமக்கிறார்கள். தண்ணீர்ப் பங்கீட்டுக்குக் கூட்டம் போடுகிறார்கள். மூன்று தெருக்காரர்கள் ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். நாலாவது தெருவிலோ, மிராசுதார் யாரை அனுப்புகிறாரோ அவர்தான் பிரதிநிதி. அத்தனையும் பேசி முடித்த பிறகு, கிணற்றடிச் சாவி வெளியூர்க்காரர் இடுப்பில் இருக்கிறது!

1935-ம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

ஒரு நிபந்தனை

இந்தக் கூட்டாட்சி தானாக வந்துவிடாது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது.

ராஜாக்கள் ஒவ்வொருவரும் "சேருகிறேன்" என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு "இணைப்புப் பத்திரம்" என்று பெயர். அப்படிச் சேரும் சமஸ்தானங்களின் மக்கள் தொகை, எல்லாச் சமஸ்தானங்களின் மக்கள் தொகையில் பாதியாவது இருக்க வேண்டும். மேல்சபையில் சமஸ்தானங்களுக்கு உள்ள 104 இடங்களில் 52 இடங்களாவது அவர்களுக்கு உரியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் கூட்டாட்சி பிறக்கும்.

ராஜா சிறுவராக இருந்தால்? அவருக்குப் பதிலாக ஆட்சி அதிகாரத்தை நடத்துகிறவர் முடிவு செய்யலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது.

புதுக்கோட்டை நிலையை எண்ணிப் பாருங்கள். 4 லட்சம் மக்கள். அவர்களுடைய எதிர்காலத்தைப் பற்றிய முடிவு. அதை எடுக்க வேண்டியவர் ஓர் ஆங்கில அதிகாரி! ஆலங்குடி விவசாயியையோ, குளத்தூர் நெசவாளியையோ, திருமயம் வியாபாரியையோ, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்க வழியே இல்லை.

திருமயம் தந்த சிங்கம்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் திருமயம் இருக்கிறது. கோட்டையும் குடைவரைக் கோவில்களும் உள்ள ஊர். அங்கே 1887-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி பிறந்தவர்தான் சத்தியமூர்த்தி.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை சென்று வக்கீல் ஆனார். காங்கிரசில் சேர்ந்தார். காமராஜருக்கு அரசியல் குரு அவர்தான்.

அந்தக் காலத்துக் காங்கிரசில் ஒரு பெரிய வாதம் நடந்து வந்தது. வெள்ளைக்காரன் அமைத்த சட்டசபைக்குள் போகலாமா, கூடாதா என்பதே அது. "போகவே கூடாது, வெளியே நின்று போராட வேண்டும்" என்றார்கள் சிலர். "உள்ளே போய், அவர்கள் சட்டத்தைக் கொண்டே அவர்களை மடக்க வேண்டும்" என்றார்கள் சிலர். சத்தியமூர்த்தி இரண்டாவது கட்சி.

1934-ம் ஆண்டுக் கடைசியில் மத்திய சட்டசபைத் தேர்தல் நடந்தது. சென்னை நகரத் தொகுதியில் சத்தியமூர்த்தி நின்றார். எதிரே நின்றவர் நீதிக்கட்சியின் பெரிய தலைவர் சர் ஏ. ராமசாமி முதலியார். வெற்றி சத்தியமூர்த்திக்கே கிடைத்தது.

டெல்லிச் சட்டசபையில் கேள்வி நேரம் என்றால் அவர் பெயர்தான் முன்னால் நிற்கும். கேள்விக்கு மேல் கேள்வி. துணைக் கேள்விக்கு மேல் துணைக் கேள்வி. சர்க்கார் தரப்பு உறுப்பினர்கள் பதில் சொல்லத் திணறுவார்கள். பின்னர் சபையில் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராகவும் இருந்தார்.

அவர் பிறந்த ஊர் சமஸ்தானத்தில். அங்கே இருந்திருந்தால் டெல்லிச் சபைக்கு ஓட்டு இல்லை. சென்னைக்குப் போனதால்தான் அந்தச் சபையில் அவரால் உட்கார முடிந்தது! அவர் கட்சி எதிர்த்த சட்டத்தின் குறை அவருடைய வாழ்க்கையிலேயே தெரிந்தது.

நாலு பக்கமும் எதிர்ப்பு

1935-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இந்தத் திட்டம் மத்திய சட்டசபையில் விவாதத்துக்கு வந்தது. திட்டம் முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்றது காங்கிரஸ். அந்தத் தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனால் கூட்டாட்சிப் பகுதியைக் கண்டித்து ஜின்னா கொண்டு வந்த திருத்தம் நிறைவேறியது.

லண்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆறே மாதத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது.

நேரு அதை அடிமைச் சாசனம் என்று சொன்னார். 1936-ம் ஆண்டு லக்னோவிலும், பெய்ஸ்பூரிலும் கூடிய காங்கிரஸ் மகாநாடுகள் சட்டத்தை நிராகரித்தன. 1937-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, சட்டத்தின் மாகாணப் பகுதி அமலுக்கு வந்தது. அன்று கடையடைப்பு நடத்தும்படி காங்கிரஸ் கேட்டுக்கொண்டது.

டாக்டர் அம்பேத்கர் காங்கிரஸ்காரர் அல்ல. பல விஷயங்களில் காங்கிரசோடு மோதியவர். அவரும் இந்தக் கூட்டாட்சியை எதிர்த்தார். 1939-ம் ஆண்டு ஜனவரியில் புனாவில் நீண்ட சொற்பொழிவு செய்து, அதன் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

இந்த எதிர்ப்பு எல்லாம் "இந்தச் சட்டம் கொடுப்பது போதாது" என்ற எதிர்ப்பு. இதற்கு நேர் எதிரான எதிர்ப்பும் இருந்தது. "இந்தியர்களுக்கு இவ்வளவு கொடுக்கிறீர்களே!" என்று லண்டனில் கூச்சல் போட்டவர் சர்ச்சில்.

ஆக, அதிகம் என்று ஒருவர் எதிர்த்தார். கொஞ்சம் என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள்.

எதிர்த்தாலும் காங்கிரஸ் தேர்தலை விட்டுவிடவில்லை. 1937-ம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களைப் பிடித்தது. ராஜாஜி முதல் மந்திரி ஆனார். மாகாணத்தில் கிடைத்ததை வாங்கிக்கொள்வது. கூட்டாட்சியை மட்டும் வரவிடாமல் தடுப்பது என்பது கட்சியின் வழி ஆயிற்று. பதவி ஏற்க வேண்டும் என்று முன்னால் நின்று வாதாடியவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர்.

ராஜாக்கள் ஏன் தயங்கினார்கள்?

1930-ம் ஆண்டு வட்டமேஜை மகாநாட்டில் ராஜாக்கள் கூட்டாட்சிக்குத் தலை ஆட்டியவர்கள்தான். பிறகு ஏன் பின்வாங்கினார்கள்?

முதல் காரணம், பணம். கூட்டாட்சி வந்தால் சில வரிகள் பொது ஆட்சிக்குப் போகும். கஜானா என்ன ஆகும்?

இரண்டாவது காரணம், அந்தஸ்து. "எங்களுக்கும் பிரிட்டிஷ் மன்னருக்கும் நேரே உடன்படிக்கை இருக்கிறது. நடுவில் டெல்லிச் சபை எதற்கு?" என்றார்கள்.

மூன்றாவது காரணம், பயம். 1938-ம் ஆண்டில் மைசூர், திருவாங்கூர் ஆகிய சமஸ்தானங்களில் மக்கள் பொறுப்பாட்சி கேட்டுக் கிளர்ந்து எழுந்தார்கள். பல இடங்களில் சிறை. சில இடங்களில் துப்பாக்கிப் பிரயோகம். கூட்டாட்சிக்குள் போனால் இந்த நெருப்பு அரண்மனை வாசலுக்கு வரும் என்று ராஜாக்கள் அஞ்சினார்கள்.

வைசிராய் லின்லித்கோ பிரபு விடவில்லை. 1936-ம் ஆண்டு கடைசியில் மூன்று அதிகாரிகளைச் சமஸ்தானங்களுக்குத் தூது அனுப்பினார். பேச்சு நடந்தது, பேரம் நடந்தது, கடிதங்கள் குவிந்தன. 1939-ம் ஆண்டு ஜனவரியில் கடைசி நிபந்தனைகள் ராஜாக்களுக்கு அனுப்பப்பட்டன.

ஜூன் மாதம் ராஜாக்கள் பம்பாயில் கூடினார்கள். "இந்த நிபந்தனைகள் எங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டார்கள்.

செப்டம்பர் 3-ந் தேதி உலக யுத்தம் மூண்டது. 11-ந் தேதி வைசிராய் அறிவித்தார்: கூட்டாட்சி வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது!

நிறுத்தி வைத்த வேலை மறுபடியும் தொடங்கவே இல்லை.

மக்களுக்காகப் போராடியவர்கள் ஒரு பக்கம். தங்கள் உரிமைக்காகப் பயந்த ராஜாக்கள் ஒரு பக்கம். இருவரும் ஒருவருக்கொருவர் எதிரிகள். ஆனால் இருவரும் சொன்னது ஒரே சொல்: "வேண்டாம்!"

அமெரிக்காவில் நடந்தது என்ன?

அரசியல் சட்டத்துக்குச் சம்மதம் கேட்டு, எதிர்ப்பைச் சந்தித்த கதை இந்தியாவுக்கு மட்டும் சொந்தம் அல்ல. அதற்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் இப்படி ஒரு போராட்டம் நடந்தது.

1787-ம் ஆண்டு. பிரிட்டிஷ் ஆட்சியை உதறிய 13 அமெரிக்க மாநிலங்களில் 12 மாநிலங்கள், புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடின. இடம் பிலடெல்பியா நகரம். செப்டம்பர் 17-ந் தேதி 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். சபையில் இருந்த மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் மேசன். "மக்களின் உரிமைப் பட்டியல் எங்கே?" என்பது அவருடைய கேள்வி.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. 13 மாநிலங்களில் 9 மாநிலங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டியவர் ராஜா அல்ல. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்காகவே மக்கள் தேர்ந்தெடுத்த சபை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கும், அடிமைகளுக்கும் அங்கே ஓட்டு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், பத்திரிகைகளிலும், சாவடிகளிலும், சந்தைகளிலும் வாதம் கொதித்தது.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வர்ஜீனியாவின் பாட்ரிக் ஹென்றி. பெரிய பேச்சாளர். "மக்களாகிய நாம் என்று தொடங்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?" என்பது அவர் எழுப்பிய கேள்வி. தூரத்தில் இருக்கும் பெரிய ஆட்சி சாதாரண மனிதனை நசுக்கிவிடும் என்று அவர் அஞ்சினார்.

ஓட்டு எடுத்தபோது வித்தியாசம் மிகக் குறைவு. வர்ஜீனியாவில் 89-க்கு 79. நியூயார்க்கில் 30-க்கு 27. ரோட் தீவு என்று ஒரு சின்ன மாநிலம். பரப்பில் நமது புதுக்கோட்டைச் சமஸ்தானம் அளவுதான் இருக்கும். அது 1790-ம் ஆண்டு மே மாதம் வரை பிடிவாதமாக வெளியே நின்றது. கடைசியில் இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் உள்ளே வந்தது!

எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. அவர்கள் போட்ட சத்தத்தின் பலனாக 1791-ம் ஆண்டில் 10 திருத்தங்கள் சேர்ந்தன. பேச்சு உரிமை, பத்திரிகை உரிமை, மத உரிமை எல்லாம் அப்படி வந்தவைதான்.

சம்மதம் கேட்கப்பட்ட மக்கள், "சம்மதம், ஆனால் இதையும் சேர்த்துக்கொள்" என்று சொல்ல முடிந்தது. 1935-ல் இந்தியாவில் மக்களிடம் சம்மதம் கேட்கவே இல்லை. ஆகவே சட்டத்தைத் திருத்த வழி இல்லை. தடுக்க மட்டுமே வழி இருந்தது.

புதுக்கோட்டையின் கையெழுத்து

1943-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி சத்தியமூர்த்தி காலமானார். "வெள்ளையனே வெளியேறு" போராட்டத்தில் சிறை சென்று, உடல் நலிந்து போனவர் அவர். சுதந்திரத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1947-ம் ஆண்டு ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. புதுக்கோட்டையும் இந்திய யூனியனில் சேர்ந்தது. சிறுவராக இருந்த ராஜகோபால தொண்டைமான் இப்போது 25 வயது இளைஞர். ஆட்சி உரிமை அவர் கைக்கு வந்திருந்தது.

1948-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி. புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதி ஆயிற்று. சுமார் 260 ஆண்டு ஆட்சி ஒரு கையெழுத்தோடு முடிந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, ரத்தம் சிந்தவில்லை.

13 வயதில் அவர் பெயரால் வேறொருவர் கையெழுத்திட வேண்டிய நிலை. 25 வயதில் அவரே முன்வந்து கையெழுத்துப் போட்டார். ஆனால் இந்த முறை, "சேருகிறேன்" என்றதோடு நிற்கவில்லை, ஆட்சியையே ஒப்படைத்துவிட்டார்.

புதிய சட்டம்

இதற்குள் டெல்லியில் அரசியல் நிர்ணய சபை வேலை செய்துகொண்டிருந்தது. வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர். ஆம், 1939-ல் பழைய கூட்டாட்சியின் ஓட்டைகளை எடுத்துக் காட்டிய அதே அம்பேத்கர்தான்! சத்தியமூர்த்தியின் சீடர் காமராஜரும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினர்.

புதிய சட்டத்தையும் சபைக்குள்ளேயே சிலர் எதிர்த்தார்கள். "இந்தச் சபையை நாட்டின் எல்லா மக்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லையே" என்றார்கள் சிலர். "கிராமப் பஞ்சாயத்துக்கு இடம் எங்கே?" என்றார்கள் சிலர். "1935-ம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்" என்றும் குறை கூறினார்கள்.

கடைசியில் சொன்ன குறையில் உண்மை உண்டு. ஆட்சி நடத்தும் முறை பற்றிய பல பிரிவுகள் அந்தப் பழைய சட்டத்திலிருந்துதான் வந்தன. அம்பேத்கர் அதை மறைக்கவில்லை. நல்லதை எடுத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை என்பது அவர் கட்சி.

பஞ்சாயத்து பற்றிய குறை வீண் போகவில்லை. 1948-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அரசு அமைக்க வேண்டும் என்ற விதி அப்படித்தான் சேர்ந்தது. இன்று அது 40-வது பிரிவு.

பழைய சட்டத்தில் இல்லாத மூன்று விஷயங்கள் புதிய சட்டத்தில் வந்தன. ஒன்று, அடிப்படை உரிமைகள். இரண்டு, வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. மூன்று, "இந்திய மக்களாகிய நாம்" என்ற தொடக்கம்.

1949-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி சட்டம் நிறைவேறியது. அந்த மாதத்தில், ஐதராபாத், மைசூர், திருவாங்கூர்-கொச்சி போன்ற இடங்களில், புதிய சட்டத்தை ஏற்பதாகப் பிரகடனங்கள் வெளியாயின. புதுக்கோட்டைக்கு அது தேவைப்படவில்லை. அங்கே ராஜா இல்லை, பிரஜைகளும் இல்லை. எல்லாரும் குடிமக்கள்!

முதல் ஓட்டு

1951-52-ம் ஆண்டில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. புதுக்கோட்டை ஒரு பார்லிமெண்டுத் தொகுதி ஆயிற்று. டெல்லிக்கு ஆள் அனுப்பும் ஓட்டு அந்த மக்கள் கைக்கு முதல் தடவையாக வந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாடு முழுவதும் காங்கிரஸ் அலை வீசியபோது, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியைச் சேர்ந்த முத்துசாமி வல்லத்தரசு என்ற வக்கீலைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். "எங்களுக்குப் பிடித்தவர் இவர்" என்று சொல்லும் உரிமை கைக்கு வந்தது. அதை அவர்கள் தயங்காமல் பயன்படுத்தினார்கள்.

1974-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று. ராஜாவின் அரண்மனை இப்போது கலெக்டர் அலுவலகம். பட்டா வேண்டும், பென்ஷன் வேண்டும், குடிதண்ணீர் வேண்டும் என்று மனுவோடு வருகிற ஏழை எளியவர்கள் அந்தப் படிகளில் ஏறுகிறார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை.

2008-ம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை பார்லிமெண்டுத் தொகுதி நீக்கப்பட்டது. மாவட்டத்தின் 6 சட்டசபைத் தொகுதிகள் இப்போது 4 பார்லிமெண்டுத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கின்றன. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில், விராலிமலை கரூரில். தங்கள் ஊர்ப் பெயரில் ஒரு தொகுதி வேண்டும் என்ற குறை அந்த மாவட்டத்து மக்களுக்கு இருக்கிறது.

ஆனால் 1935-ம் ஆண்டுக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று திருமயத்துக் குடியானவர் தம் குறையைச் சொல்ல ஓட்டுச்சீட்டு இல்லை. இன்று அவருக்கு ஓட்டு இருக்கிறது. கேள்வி கேட்கும் உரிமையும் இருக்கிறது.

"வேண்டாம்" என்று சொன்னவர்களை நாட்டைக் கெடுக்க வந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் அவர்கள் சொன்ன "வேண்டாம்" உரிமைப் பட்டியலைக் கொண்டு வந்தது. நம் நாட்டில் அவர்கள் சொன்ன "வேண்டாம்", அரைகுறைச் சட்டம் ஒன்றை வாசலிலேயே நிறுத்தியது.

லண்டனில் எழுதிய சட்டத்துக்கு ராஜாக்களின் கையெழுத்து வேண்டியிருந்தது. நாமே எழுதிக்கொண்ட சட்டத்துக்கு நம் ஒவ்வொருவருடைய கையெழுத்தும் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் விரலில் வைக்கும் அந்தக் கறுப்பு மைதான் அந்தக் கையெழுத்து!